நல்ல சேதிக்குக் கட்டம் இல்லை

மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற எங்கள் கம்பெனியின் கணக்குப்படி, 1996 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நூற்று எழுபத்து மூன்று பேர் இறந்துபோனார்கள். தொழிலாளிகள் இல்லை, அவர்களுடைய தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார், பெரியம்மா, ஒன்றுவிட்ட சித்தப்பா வகையறா. கம்பெனியில் வேலை பார்த்தவர்களே மொத்தம் நூற்று நாற்பது பேர்தான். இவ்வளவு சாவு விழுந்த இடத்தில் ஒருத்தர் முகத்திலும் துக்கம் இல்லை என்பதை மேலதிகாரிகள் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சாவுகளை எல்லாம் தேதிவாரியாக எழுதிவைத்தவன் நான். என் பெயர் சம்பத்குமார். தகவல் தொடர்புப் பிரிவில் குமாஸ்தா.

அதற்கு முன்னால் அப்படி ஒரு பிரிவே கிடையாது. தொழிலாளி வீட்டிலிருந்து போன் வந்தால் வாசலில் காவலர் லிங்கப்பன் எடுப்பார். உள்ளே நடந்து போய், இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தி, உன் பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வருவார். போக வர நான்கு நிமிடம். பிறகு கம்பெனிக்கு வெளிநாட்டுத் தரச் சான்றிதழ் வாங்கும் ஆசை பிறந்தது. அது இருந்தால்தான் மூடி கப்பலேறும் என்றார்கள். சான்றிதழ் வேண்டுமானால் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு முறை வேண்டும், முறைக்கு ஒரு புத்தகம் வேண்டும். லிங்கப்பனிடம் புத்தகம் இல்லை. அதனால் அவர் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். அவர் நான்கு நிமிடத்தில் செய்ததைச் செய்ய ஒரு மேலாளர், ஒரு ஆபரேட்டர், இரண்டு குமாஸ்தாக்களை நியமித்து ஒரு பிரிவு தொடங்கினார்கள்.

மேலாளர் முரளிதரன். மைசூர் விஜயநகரில் சொந்த வீடு, வெள்ளைக் கார், பெங்களூரில் ஐந்து நாள் பயிற்சி. அந்த ஐந்து நாளில் அவர் கற்று வந்தது ஒரு படம். இடது பக்கம் சொல்பவர், வலது பக்கம் கேட்பவர், நடுவில் ஒரு குழாய், குழாய்க்கு மேலே 'இரைச்சல்' என்று மின்னல் மாதிரி ஒரு கோடு, கீழே திரும்பி வரும் அம்பு. அந்தப் படத்தைக் கம்பெனியில் பதினாறு இடங்களில் மாட்டினார். கழிவறை வாசலிலும் ஒன்று இருந்தது. "சம்பத், மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவில என்ன பிராப்ளம் கொத்தா? குழாய் சரியில்லை. அஷ்டே!" என்பார். அவருக்கு மைசூர்த் தமிழ். கன்னடமும் இங்கிலீஷும் அதில் தாராளமாகப் புழங்கும். கொத்தா என்றால் தெரியுமா, அஷ்டே என்றால் அவ்வளவுதான்.

புத்தகத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். அதன்படி வெளியிலிருந்து வரும் தகவல் மூன்று வகை. முதல் வகை, சாவு. உடனே போய்ச் சேர வேண்டும். இரண்டாம் வகை, உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரி பெயரைச் சரிபார்த்த பிறகு போகும். மூன்றாம் வகை, இதர. அவற்றை ஒரு தட்டில் சேர்த்து, மேற்பார்வையாளர் கையெழுத்துடன், மாலை மூன்றரை மணிக்கு ஒரே நடையில் கொண்டுபோவார்கள். எந்தத் தகவலும் சீட்டில் எழுதப்பட வேண்டும். சீட்டின் அடியில் மூன்று கேள்விகள் இருக்கும். தகவல் தெளிவாக இருந்ததா? உரிய நேரத்தில் கிடைத்ததா? மேம்படுத்த யோசனை உண்டா? கேட்பவர் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் தகவல் சேர்ந்ததாகக் கணக்கு.

ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. இரண்டே வாரத்தில் நெளிவு சுளிவு தெரிந்துகொண்டார்கள். முதலில் செத்தது சித்தையனின் மாமியார். அன்றைக்குக் காஸ் சிலிண்டர் வந்திருந்தது, ரசீதும் சாவியும் சித்தையன் பையில். அவன் மனைவி போன் செய்து அம்மா போய்விட்டாள் என்றாள். ஆறு நிமிடத்தில் சித்தையன் வாசலில் நின்றான். அப்புறம் கேட்க வேண்டுமா? மாமியார் என்றால் காஸ், தாத்தா என்றால் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், பெரியம்மா என்றால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு அகராதி உருவாயிற்று. பொய்யாகச் சொன்னால் உண்மையான விஷயம் ஆறு நிமிடத்தில் சேர்ந்தது. உண்மையாகச் சொன்னால் மூன்றரை மணித் தட்டில் போய் உட்கார்ந்தது.

முரளிதரனுக்கு ஏக சந்தோஷம். முதல் வகைத் தகவல்கள் மாதாமாதம் கூடுகின்றன, சேரும் நேரம் குறைகிறது என்று வரவேற்பறையில் ஒரு வரைபடம் மாட்டினார். ஒவ்வொரு சாவுக்கும் கம்பெனியின் பெயரில் அச்சடித்த அனுதாபக் கடிதம் வேறு போயிற்று. சித்தையனின் மாமியார் மல்லம்மா தன் கடிதத்தைத் தானே தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எவ்வளவு நல்ல கம்பெனி என்று அவள் கண்கலங்கியதாக சித்தையன் சொன்னான்.

இந்த அகராதி இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது காளியப்பன் வீடு.

காளியப்பன் மூடி அழுத்தும் இயந்திரத்தில் வேலை. ஹனூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது. மைசூரில் அக்ரஹாரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். காலையில் இருவரும் ஒரே சிவப்பு பஸ்ஸில் நஞ்சன்கூடு போவோம். அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் மகள் ரூபா, சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டு நல்லிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்து என் மனைவி அம்புஜவல்லியோடு ஒரு மணி நேரம் வம்பளந்துவிட்டுப் போவாள். அப்பா பேசாத பேச்சை எல்லாம் மகள் பேசினாள். 

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தன்னோடு வேலை பார்த்த பரத் என்ற பையனைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். வேறு ஜாதி, வேறு பாஷை. காளியப்பன் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான வாக்கியத்தை அன்றைக்குத்தான் பேசினார். என் மூஞ்சியில் முழிக்காதே, செத்தாலும் சொல்லியனுப்ப மாட்டேன், நீயும் அனுப்பாதே என்று. அவள் அப்படியே திரும்பிப் போனாள். சொன்ன மறுநாளிலிருந்து அவர் அதற்காக வருந்தினார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கபினி ஆற்றுப் பாலம் வரும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். இரண்டு வருடமும் அந்தப் பெருமூச்சைக் கேட்டவன் நான்.

ஜூலை மாதம் முரளிதரன் ஒரு சுற்றறிக்கை விட்டார். தகவல் தொடர்பு பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் தொழிலாளிகள் பிரிவுக்கு வந்து கேட்கலாம் என்று. சுற்றறிக்கைகளை யாரும் நம்புவதில்லை. காளியப்பன் நம்பினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேலாளர் முன்னால் நின்றார்.

"ஏனுங் சார், ஒருத்தருகிட்ட பேசாம வுட்டுட்டு, மறுக்கா பேசோணும்னா எப்புடி ஆரம்பிக்கறதுங்க?"

முரளிதரன் உருகிவிட்டார். அந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து தகவல் தொடர்பைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. படத்தைக் காட்டி நாற்பது நிமிடம் விளக்கினார். பிறகு ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார். காளியப்பன் என் மேஜைக்கு வந்தார். அவர் சொல்ல நான் எழுதினேன். சொல்பவர்: நான். கேட்பவர்: என் மகள். குழாய்: விலாசம் தெரியாது. இரைச்சல் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்தார். காலியாக விடட்டுமா என்றேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று உள்ளேயிருந்து முரளிதரன் குரல் கொடுத்தார். "என்ற வாய்தானுங்க, அதையவே எழுதிக்கங்க" என்றார் காளியப்பன். எழுதினேன். படிவத்துக்கு ஒரு எண் கொடுத்து, விலாசம் இல்லாததால் நிலுவை என்று முத்திரை குத்திக் கோப்பில் வைத்தோம்.

செப்டம்பர் கடைசியில் தணிக்கையாளர் வருவதாக இருந்தது. அவர் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துச் சரி என்றால் சான்றிதழ். அதற்குப் பத்து நாள் முன்னால் முரளிதரன் தகவல் ஒத்திகை என்று ஒன்று ஆரம்பித்தார். ஒருவரை அனுப்பித் தொழிலாளியிடம் வாய்வார்த்தையாக ஏதாவது சொல்லச் செய்வது. அவன் சீட்டு எங்கே என்று கேட்டால் தேர்ச்சி. கேட்காமல் இயந்திரத்தை விட்டு நகர்ந்தால் தோல்வி, மெமோ.

காளியப்பனிடம் யாரை அனுப்பலாம் என்று யோசித்தார்கள். அவர் நம்புகிற ஆள்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒத்திகைக்கு அர்த்தமில்லை என்றார் முரளிதரன். என்னை அனுப்பினார். நான் போனேன். உன் மனைவி லீலா பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டாள், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, நெசமாங்களா என்றார். பக்கத்தில் முரளிதரன் கடிகாரத்துடன் நின்றார். சத்தியமாக என்றேன். காளியப்பன் செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓடினார். பின்னால் நாங்கள் கத்தியது காதில் விழவில்லை. வாசலைத் தாண்டி, ஓடுகிற லாரியை நிறுத்தி ஏறி, மைசூர் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தேடி, கடைசியில் வீட்டுக்குப் போனால் லீலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். அவளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாராம். மறுநாள் அவருக்கு மெமோ. எழுத்துமூலமான தகவல் இன்றிப் பணியிடத்தை விட்டு அகன்றது குறித்து விளக்கம் தருக. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்கடுத்த நாள் உட்கார்ந்தார், அவ்வளவு நல்ல மனிதர்.

தணிக்கை நாள் வந்தது. வாசலில் கோலம், கழிவறையில் புது சோப்பு. தொழிலாளிகள் எல்லார் சட்டைப் பையிலும் ஒரு அட்டை. அதில் எங்கள் தகவல் கொள்கை இங்கிலீஷில். அதை ஒரு மாதமாக எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

காலை பத்து இருபதுக்கு ஆபரேட்டர் மாதேவி என்னைக் கூப்பிட்டாள். யாரோ தமிழில் மாத்தாடுகிறார்கள், அழுகிறார்களா சிரிக்கிறார்களா தெரியவில்லை என்றாள். வாங்கினேன். லீலா. அக்ரஹாரத்து முனையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

ரூபா வந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். பரத்துக்கு வளைகுடாவில் வேலை, அவன் பம்பாயில் காத்திருக்கிறான். மூன்று மணி வண்டியில் பெங்களூர் போய், அங்கிருந்து பம்பாய், அப்புறம் கடல் தாண்டி. எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா வந்து ஒரு வார்த்தை பேசட்டும், வராவிட்டால் அதுதான் அவர் பதில் என்று எடுத்துக்கொள்வேன், அப்புறம் கடுதாசிகூடப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவையும் லீலா ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டு வருடம் கழித்து வந்த பெண்ணை விட்டுவிட்டுத் தானே நஞ்சன்கூடு வரவும் அவளுக்கு மனசில்லை.

என் பேனா சீட்டின் மேல் நின்றது. பத்தரைக்கு ஆள் கிளம்பினால் பதினொன்றே முக்காலுக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் சீட்டில் முதல் கட்டம் சாவு, இரண்டாம் கட்டம் ஆபத்து. நல்ல சேதிக்குக் கட்டம் இல்லை. நான் தட்டச்சு செய்த படிவம்தான், அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேஜையில் தணிக்கையாளர் உட்கார்ந்து எங்கள் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"லீலா, யாராவது தவறிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. இப்பவே கூப்பிட்டு அனுப்பறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றா."

"ரெண்டு வருசங் கழிச்சு எம்புள்ள வாசப்படி ஏறியிருக்குதுங் சார். மடியில கொழந்தை வேற. இன்னைக்குப் போயி என்ற வாயில சாவுன்னு வருமுங்களா?"

வராதுதான். அவள் சொல்லாவிட்டால் என்ன, நானே எழுதியிருக்கலாம். ஒரு கட்டத்தில் ஒரு கோடு. நூற்று எழுபத்து மூன்று பொய்ச் சாவுகளை எழுதிய கைக்கு இன்னொன்று பெரிய விஷயமா? எழுதவில்லை. பக்கத்தில் தணிக்கையாளர் இருந்தார், எனக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் இருந்தது, நான் பயந்தேன். இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க எனக்கு இஷ்டமில்லை. மூன்றாம் வகை, இதர என்று குறித்தேன்.

சரி, நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று முரளிதரன் அறைக்கு ஓடினேன். தணிக்கை நாளில் அனுமதி இல்லாமல் யாரும் இயந்திரக்கூடத்துக்குள் போகக் கூடாது. அவர் கண்ணாடி முன்னால் நின்று வரவேற்புரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் உதடுகள் உரையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நோடி சம்பத், நீங்க நேரா போய் வாயால சொன்னா அது தகவல் இல்லை, வதந்தி. சீட்டுல போனாத்தான் தகவல். இன்னிக்கு ஒரு நாளாவது நம்ம சிஸ்டத்தை நம்புங்க."

திரும்பி வந்தால் சீட்டு என் மேஜையில் இல்லை. ஒரு தகவல் இந்தக் கம்பெனியில் எப்படிப் பயணம் செய்கிறது என்று ஆராய, மாதிரிக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளத் தணிக்கையாளருக்கு உரிமை உண்டு. அவர் எடுத்துக்கொண்டது காளியப்பன் சீட்டை. பத்திரமாகத் தன் தோல் கோப்பில் வைத்துக்கொண்டார். அது எப்படிப் பயணம் செய்கிறது என்று அவர் பார்க்க விரும்பியதால் அது பயணம் செய்ய முடியாமல் போயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தையே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நகல் போடலாமா என்று கேட்டேன். ஒரே தகவலுக்கு இரண்டு சீட்டு இருந்தால் அது பெரிய பிழை என்று அவர் மிகவும் பணிவாகச் சொன்னார்.

பதினொன்றரைக்கு லீலா மறுபடி போன் செய்தாள். புத்தகப்படி ஒரே தகவல் இரண்டாம் முறை வந்தால் அது தகவல் அல்ல, புகார். மாதேவி அதைப் புகார்ப் பேரேட்டில் எழுதிக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு மூன்றாம் முறை. மூன்றாம் முறை வந்தால் என்ன என்று புத்தகத்தில் இல்லை. மாதேவி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தணிக்கையாளர் இயந்திரக்கூடத்தைப் பார்வையிடக் கிளம்பினார். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மொழிபெயர்க்க நான், கூடவே முரளிதரன். தெய்வமே வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஒவ்வொருவராகத் தாண்டி, சொல்லிவைத்தாற்போல் காளியப்பன் இயந்திரத்தின் முன்னால் நின்றார். கையில் அந்தத் தோல் கோப்பு. உனக்கு வரும் தகவல்கள் உனக்கு ஒழுங்காக வந்து சேருகின்றனவா என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்கவில்லை.

"காளியப்பன், இவர் கேக்கறது கிடக்கட்டும். ரூபா வந்திருக்கா. கைக்குழந்தையோட உங்க ஆத்துல உக்காந்திருக்கா. மூணு மணி வண்டிக்குப் போயிடுவா. நீ போய் ஒரு வார்த்தை பேசணும். உடனே கிளம்பு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். என் ஆயுசில் ஒரு மனிதன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. கை தானாக இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. அப்புறம் அவர் பார்வை என்னைத் தாண்டி முரளிதரனிடம் போனது. முரளிதரன் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்று. காளியப்பன் கையை எடுத்துக்கொண்டார். மெல்லச் சிரித்தார். ஒரு தடவை ஏமாந்தவன் சிரிப்பு.

"சீட்டு எங்கீங் சார்?"

"சீட்டு இவர்கிட்ட மாட்டிண்டிருக்கு. நான் சொல்றது நிஜம். சத்தியமாச் சொல்றேன்."

"அன்னைக்கும் சத்தியந்தானுங்க பண்ணுனீங்க." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். "இந்த வெளையாட்டுக்கு எம்புள்ள பேரு வேண்டாமுங் சார். வேற ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்."

பிறகு நிமிர்ந்து நின்று, தணிக்கையாளரைப் பார்த்து, அட்டையில் இருந்த கொள்கையை இங்கிலீஷில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்.

தணிக்கையாளர் என்ன பேச்சு நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முரளிதரன் முந்திக்கொண்டார். எங்கள் குமாஸ்தா முன்னறிவிப்பின்றி ஒரு சோதனை வைத்தார், எவ்வளவு மனதைத் தொடும் செய்தி சொன்னாலும் எழுத்தில் வராமல் நகர மாட்டேன் என்று தொழிலாளி மறுத்துவிட்டார் என்றார். தணிக்கையாளர் காளியப்பனுடன் கை குலுக்கினார். முரளிதரன் என் தோளில் தட்டி, பலே சம்பத், தணிக்கையாளர் எதிரிலேயே ஒத்திகையா, எனக்கே தோன்றவில்லையே என்று காதோடு சொன்னார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். காலையில் நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குள் போகவில்லை.

சார், இது ஒத்திகை இல்லை என்றேன். தெரியும் தெரியும் என்று கண்ணடித்து என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தேன். காளியப்பன் மூடிகளை அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு மணியிலிருந்து இரண்டே கால் வரை தணிக்கையாளருக்கு விருந்து, மொழிபெயர்க்க என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தோல் கோப்பு பூட்டிய அறைக்குள். இரண்டரைக்கு வந்து சீட்டில் 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுத் தட்டில் வைத்தார். மேற்பார்வையாளர் கையெழுத்து மூன்று பத்துக்கு. மூன்று முப்பத்தைந்துக்கு அது காளியப்பன் கைக்குப் போயிற்று. கம்பெனி கணக்கில் அது ஐந்து நிமிடத் தாமதம்.

அவருக்கு எழுத்துக்கூட்டிக் கன்னடம் படிக்க வரும். மகள் வந்திருப்பதாகவும் மூன்று மணிக்குள் வரும்படியும் மனைவி தெரிவிக்கிறார் என்று என் கையெழுத்தில் இருந்தது. ஓரத்தில் பெறப்பட்ட நேரம், பத்து இருபது. அதை இரண்டு தடவை படித்தார். சீட்டு கொண்டுபோனவன் அடியில் இருக்கும் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னான். காளியப்பன் போட்டார். உரிய நேரத்தில் கிடைத்ததா என்ற இடத்தில் கைப்பழக்கத்தில் ஆம் என்று எழுதிவிட்டு, அப்புறம்தான் ஓடினார்.

நானும் கூடவே ஓடினேன், பஸ்ஸில் கூடவே உட்கார்ந்தேன். வண்டிகள் தாமதமாகக் கிளம்புவது உண்டு அல்லவா, அந்த எண்ணத்தில் நேரே ஸ்டேஷனுக்குப் போனோம். அன்றைக்கு அந்த வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியிருந்தது. நடைமேடை பெஞ்சில் லீலா தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வண்டி நகர்ற வரைக்கும் பொட்டி வாசல்லயே நின்னுச்சுங்க. அப்பன் வருதான்னு எட்டி எட்டிப் பாத்துச்சு. அப்புறம், சரிம்மா, அப்பா பதில் சொல்லிட்டாருன்னு சொல்லிச்சு."

விலாசம் கேட்டாயா என்று காளியப்பன் கேட்டார். கேட்டாளாம். பதில் கிடைத்த பிறகு விலாசம் எதற்கு என்று ரூபா சொல்லிவிட்டாளாம். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண் என்றாள் லீலா. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு மாதத்தில் சான்றிதழ் வந்தது. கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். தணிக்கை அறிக்கையில் ஒரு தொழிலாளியின் விழிப்புணர்வைப் பற்றித் தனியாக ஒரு பத்தி பாராட்டி எழுதியிருந்ததாம். காளியப்பனை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். முரளிதரன் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"அன்னிக்கு இவர் காதால கேட்டதை நம்பலை. கண்ணெதிர்ல நின்ன மனுஷரை நம்பலை. அந்த மனுஷர் செய்த சத்தியத்தையும் நம்பலை. காகிதத்தை மட்டும் நம்பினார். பந்துக்களே, நாம ஆறு மாசம் பாடுபட்டது இதுக்குத்தான்."

நூற்று நாற்பது பேரும் கை தட்டினோம். சித்தையன் தட்டினான், மாதேவி தட்டினாள், நானும் தட்டினேன். காளியப்பன் சால்வையோடு கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

விழா முடிந்து லட்டு கொடுக்கும் வரிசையில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு மாதமாக அவர் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. எத்தனையோ தடவை ஆரம்பிக்கப் பார்த்தேன், என் வாய்க்கு அதற்குமேல் என்ன மதிப்பு இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அவரே பேசினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களக் குத்தஞ் சொல்லலீங் சார். நீங்க சொல்லத்தான் சொன்னீங்க. நாந்தான் நம்பலை." லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "ஆனாலும் தெனமும் ஒண்ணு தோணுதுங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க. என்ற கையப் புடிச்சு இழுத்திருந்தீங்கன்னா, நான் வந்திருப்பனுங்க."

அது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு என் இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது. அவர் ஒரு முழம் தள்ளி நின்றார்.